பாஸும் பொடியனும்

திருகோணமலையின் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் 99. இறங்குதுறையிலிருந்து தாங்கிக்கு ஓடும் குழாய் சொலுவிசன் பூசி ஒட்டுகிற சாமான் அல்ல. விளிம்போடு விளிம்பு வைத்து, நடுவில் கஸ்கட் கொடுத்து, போல்டுகளை எதிரெதிராக மாறி மாறி முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலிலேயே இறுக்கிவிட்டால் மறுபக்கம் கசியும்.

2003 முதல் அங்கே இருப்பது லங்கா ஐ.ஓ.சி. அதன் தாய் நிறுவனமான இந்தியன் ஆயில் இந்தியாவில் விளம்பரம் போட்டுப் பயிலுனரைச் சேர்க்கிறது. தாராள மனசு மட்டும் காரணமல்ல: 1961ஆம் ஆண்டுப் பயிலுனர் சட்டப்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் ஆட்தொகையில் இரண்டரை வீதமாவது பயிலுனர் வைத்திருக்க வேண்டும். இலங்கையிலும் 1971இலேயே சட்டம் வந்தது. இன்று பயிலுனர் பயிற்சிப் பொறுப்பு நைட்டா எனும் அரச அதிகாரசபையிடம்.

வீட்டு பைப் வேலைக்கு இரண்டு சட்டமும் எட்டுவதில்லை. கிண்ணியாவிலோ உப்புவெளியிலோ பொடியன் பாஸுக்குப் பின்னால் சாமான் தூக்கித்தான் வேலை பழகுகிறான். சுவர் வெட்டுவான், ஓடிப்போய் எல்போ வாங்கி வருவான். த்ரெட் டேப்பைப் புரியின் போக்கிலேயே சுற்ற வேண்டும், எதிராகச் சுற்றினால் முறுக்கும்போது கழன்று வரும் என்பதை, ஒருமுறை திட்டு வாங்கியபின் மறக்கமாட்டான். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். சம்பளம் பேசுகிற விதம்தான் வேறு.

ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துப் பட்டாமுண்டாய் மட்டும் தனி ரகம். பிரித்தானியர் காலக் கல்கத்தாவில் பைப் வேலைக்குப் போனவர்கள் தம்பியை, மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இன்று டில்லி, மும்பாய், வளைகுடா என்று எங்கும் அவர்கள். ஊர் பழக்கிவிட்டபிறகுதான் அரசு அங்கே பிளம்பிங்குக்கென்று ஒரு நிறுவனம் திறந்தது. அப்படியொரு சங்கிலி நம்மிடம் இல்லை.

நம்மிடம் இருப்பது என்.வி.கியூ. எனும் தேசியத் தொழிற்தகைமை. வகுப்பறையே காணாத பொடியனும் பழகிய வேலையைச் செய்துகாட்டி மதிப்பீட்டில் தேறினால் சான்றிதழ் எடுக்கலாம். இந்தியாவிலும் இப்படியொரு ஏற்பாடு உண்டு. ஆனால் நம்முடைய ஏழு படி ஏணி எனக்கு ஒழுங்காகத் தெரிகிறது. குறை வேறிடத்தில்: வீட்டுக் குழாயில் கைதேர்ந்தவன் அந்த விளிம்பு இணைப்பைத் தொட்டுப்பார்க்க வழியில்லை.

2022 ஒப்பந்தப்படி 61 தாங்கிகள் இலங்கை–இந்தியக் கூட்டு நிறுவனத்தின் கைக்குப் போகின்றன. அவற்றின் குழாய் வேலைக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது, திருகோணமலைப் பயிலுனருக்கு இத்தனை இடம் என்று ஒரு வரி அதில் இருக்கட்டும். இந்தியப் பங்காளிக்கு அது புதிய பழக்கமும் அல்ல.