நிறையும் பேரும்

மலையகத் தோட்டங்களிற் கொழுந்து நிறுக்குமிடத்தில் நின்றவர்க்கு நிறை வெறும் எண்ணன்று. விதித்த அளவை எட்டினால் முழுப்பேர், எட்டாவிடில் அரைப்பேர். வேலைநாளையே ‘பேர்’ என்று வழங்குவது நம் தோட்ட வழக்கு. ஆகவே தராசு, ஒருவருடைய பேரைப் பாதியாக்கிவிட வல்லது. சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கும் கிலோக்கள் வேறு. ஹற்றன், நுவரெலியாப் பகுதி வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வனுபவத்தோடு நோக்குகையில், பீலிக்ஸ் கொன்சாலஸ்-டொறெஸ் என்னும் கலைஞரின் படைப்பொன்று நமக்கு நெருக்கமாகின்றது. 1957 இல் கியூபாவிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அவர், எயிட்ஸ் நோயினால் 1996 சனவரி 9 இல், 38 ஆவது வயதில் மறைந்தார். அவருடைய துணைவர் றொஸ் லேகொக் அந்நோயினாலேயே 1991 இல் இறந்தார். அவ்வாண்டுப் படைப்பே ஈண்டு நாம் கருதுவது. பலநிறத் தாள் சுற்றிய இனிப்புகளின் குவியல். அதற்குக் கலைஞர் குறித்த நிறை 175 இறாத்தல், ஏறத்தாழ 79 கிலோ. பார்வையாளர் எடுத்து உண்ணலாம். குவியல் தேயும், மீண்டும் நிரப்பப்படலாம். படைப்பின் பெயர் ‘தலைப்பிலி’. ‘லொஸ் ஏஞ்சல்ஸில் றொஸின் ஆளோவியம்’ என்பது அடைப்புக்குறிக்குள் மாத்திரமே வரும்.

உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதங்களிற் பயின்ற நாம் இதனை முதலில் உருவவாத விளையாட்டென்றே எண்ணினோம். அவ்வெண்ணம் தவறானது. நோயாளரைத் தொடவும் பலர் அஞ்சிய காலத்தில், நோயுற்றவனின் உடல் நிறையை அந்நியரின் வாயிற் கரையவிட்டார் கலைஞர். குவியலின் தேய்வு நோயின் தேய்வாகின்றது; எடுப்பவரும் அதிற் பங்காளர். முகம் தீட்டிய ஓவியமெதுவும் பார்ப்போனை இவ்வளவு தூரம் உட்படுத்தியிராது.

2022 இல், இதனைக் காட்சிப்படுத்திய சிக்காகோ கலை நிறுவகத்தின் விளக்கக் குறிப்பில் றொஸின் பெயரும் எயிட்ஸும் இடம்பெறவில்லை. வளர்ந்த ஆணொருவனின் சராசரி நிறை என்ற விளக்கமே இருந்தது. கண்டனம் எழுந்தபின் அவை மீளச் சேர்க்கப்பட்டன. கலைஞர் பொருளைத் திறந்தே விட்டார் என்று வாதிடுவோர் உளர். அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்தாரேயன்றி அழிக்கவில்லை. சராசரி நிறைக்கு எவரும் இழவு காப்பதில்லை.

ஒரு குறையையும் கூறவேண்டும். குவியலை மீள நிரப்பும் கைகளைப் பற்றி இப்படைப்பு ஒன்றும் உரைப்பதில்லை. கொழுந்துக் கூடை சுமந்தவர் வழிவந்த நமக்கு முதலிற் கண்ணிற்பட்டது அதுதான்.