சிற்றில் கட்டியவர்கள்

"அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் தெருவில்தான் வளர்ந்தோம்" என்று தொடங்கும் எழுத்து தமிழில் ஏராளம். கிட்டிப்புள், பம்பரம், கிணற்றில் குதித்தது, மாங்காய் திருடியது, இருட்டிய பிறகு வீடு திரும்பி வாங்கிய அடி. வார இதழ்களின் நினைவுத் தொடர்களிலும் தன்வரலாற்றுச் சாயல் கொண்ட நாவல்களிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் கவிதைகளிலும் இந்தப் பட்டியல் அதிகம் மாறுவதில்லை. பட்டியல் முடிந்ததும், இன்றைய பிள்ளைகள் கைப்பேசிக்குள் அடைந்து கிடக்கிறார்களே என்ற வருத்தம் வரும். வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த 'நாங்கள்' யார்? அடைந்து கிடப்பது கைப்பேசியோடு வந்த நோய் அல்ல. தமிழ் இலக்கணத்தில் அதற்கு ஒரு துறைப்பெயரே இருக்கிறது: இற்செறிப்பு.

இவ்வகை நினைவெழுத்தின் மூதாதை என்று புறநானூற்றின் 243ஆம் பாடலைச் சொல்லலாம். தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. தடி ஊன்றி, இருமலுக்கிடையே சில சொற்கள் பேசும் கிழவர், மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதையும், பெண்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதையும், மருத மரக்கிளையில் ஏறி ஆழ்நீரில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததையும் நினைத்து ஏங்குகிறார். அழகான பாடல், எனக்கும் பிடித்த பாடல். முதுகலை வகுப்பில் ஒவ்வோராண்டும் நடத்துகிறேன். கைகோத்து ஆடிய அந்தப் பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று உரைகள் கேட்பதில்லை. அவர்களும் உயிரோடிருந்தால் தடி ஊன்றும் வயதுதான். அவர்களுடைய ஏக்கம் இதே இடத்தில் தொடங்கி இதே இடத்தில் முடியுமா?

ஓராண்டு இந்தப் பாடலை நடத்திவிட்டு மாணவர்களிடம் ஒரு சின்னக் கேள்வியை எழுதித் தரச் சொன்னேன்: தெருவில் கடைசியாக விளையாடிய நாள் எது? பையன்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன், "அது பாட்டுக்குக் கொறஞ்சிருச்சு மேம், நாள்லாம் தெரியல" என்றான். பெண்கள் எழுதித் தந்தார்கள். ஏழாம் வகுப்பு அரையாண்டு விடுமுறை. எட்டாம் வகுப்பில் பங்குனித் திருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை. அண்ணன் ஊரிலிருந்து வந்த அன்று. மாதமும் கிழமையும் சிலருக்கு அன்று போட்டிருந்த பாவாடையின் நிறமும்கூட நினைவிருந்தது. பையன்களின் விளையாட்டு தானாகத் தேய்ந்து போகிறது. பெண்களின் விளையாட்டு நிறுத்தப்படுகிறது. நிறுத்தப்பட்டதற்குத்தான் தேதி இருக்கும்.

எனக்கும் இருக்கிறது. எங்கள் தெருவில் அந்திக்கு ஆடுவது கல்லா மண்ணா. திண்ணையும் படிக்கட்டும் கல், தெரு மண். கல்லில் நிற்பவளைப் பிடிக்க முடியாது. ஆனால் கல்லிலேயே நின்றுகொண்டிருப்பவளை யாரும் ஆட்டத்தில் சேர்க்கவும் மாட்டார்கள். மண்ணில் இறங்கி ஓடி, பிடிபடுவதற்குள் எதிர்த்திண்ணையில் ஏற வேண்டும். நான் பெரியவளான மறுவாரம், "இனிமே வாசப்படியோட நின்னுக்கடி" என்று அம்மா சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, பூக்கட்டிக்கொண்டே சொன்னாள். தம்பி அன்றும் ஆடினான்.

இலக்கியத்தில் பெண்குழந்தைகளின் வெளி விளையாட்டு இல்லாமல் இல்லை. ஓரை, வண்டல், பந்து, கழங்கு, ஊசல், புனலாட்டு என்று சங்கப் பாடல்கள் நிறையவே காட்டுகின்றன. அந்த விளையாட்டு எதற்காகக் காட்டப்படுகிறது என்பதே என் கேள்வி. கலித்தொகையின் 51ஆம் பாடலை, கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியை, எடுத்துக்கொள்ளலாம். தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்தவன், கூந்தல் மாலையை அறுத்தவன், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன், வளர்ந்தபின் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வருகிறான். கொண்டுவந்தவளின் கையைப் பற்றுகிறான். அவள் அலற, தாய் ஓடி வருகிறாள். தண்ணீர் விக்கியது என்று பெண் பொய் சொல்லிக் காப்பாற்றுகிறாள். நாடகத்தன்மைக்காக மேடைதோறும் புகழப்படும் பாடல். புகழட்டும். ஆனால் அதன் தர்க்கம் இன்றைய சினிமா வரைக்கும் வந்திருக்கிறது: உன் ஆட்டத்தைக் கெடுக்கிறவன் உன்மேல் ஆசை வைத்திருக்கிறான், நீ கூச்சலிட்டாலும் கடைசியில் அவனுக்காகப் பொய் சொல்வாய். சிதைந்த வீட்டைப் பற்றிப் பாடலுக்குக் கவலை இல்லை. அது காதலுக்கு முன்கதை.

பிள்ளைத்தமிழ் இதை இலக்கணமாகவே ஆக்கிக்கொண்டது. பத்துப் பருவங்களில் முதல் ஏழு இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிரிவு. வழக்கில் நிலைத்தபடி ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர்; பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் என்பது சிறுமியர் கட்டிய மணல்வீடு. அது எப்படி ஆண்பிள்ளையின் பருவமாயிற்று? அவன் அதை மிதிக்க வருகிறான், மிதிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள், அதனால். கட்டியது பெண்கள், பருவம் அவனுடையது. பிறகு அவன் பறை முழக்கித் தேர் உருட்டி வீதியில் போகிறான். குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில், தடாதகையாகத் திக்விஜயம் செய்த கதையுள்ள அம்மைக்கும் தேரில்லை. அவளுக்கு ஊசல்தான். எவ்வளவு வேகமாக ஆடினாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ஊசல்.

இதே சிற்றிலைக் கட்டியவளின் பக்கமிருந்து பார்த்தது ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்தில் கண்ணனிடம் பேசும் சிறுமியர், நாள் முழுக்க உட்கார்ந்து முதுகு நோவக் கட்டியதைச் சொல்கிறார்கள். முதுகு நோவு என்பது எனக்கு முக்கியம். மிதிக்க வருகிறவனுக்கு அது மணல். கட்டியவளுக்கு ஒரு நாள் உழைப்பு. பக்தியையும் உள்ளுறையையும் விளக்கும் உரைகள் இந்த முதுகைக் கடந்து போய்விடுகின்றன.

'நாங்கள்' என்ற சொல்லில் பால் மட்டுமா ஒளிந்திருக்கிறது, சாதியும்தான். எல்லாத் தெருவிலும் எல்லாப் பிள்ளைகளும் விளையாடிவிட முடியாது என்பதை நினைவெழுத்து வசதியாக மறந்துவிடும். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' மறக்கவில்லை. அதில் வரும் பிள்ளைகள் நாயக்கராகவும் பண்ணையாளாகவும் நடித்துக் கூலி கொடுத்து வாங்கி விளையாடுகிறார்கள். குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கும் புருஷன் வருகிறான், போலீசு வருகிறது. இதைச் சிறுபிள்ளைத்தனமான பாவனை என்று படிப்பது தவறு. யார் யாரிடம் எதை வாங்குகிறார்கள், யார் யாரை அடிக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் உடம்பால் நடித்து ஆராய்கிறார்கள். பெரியவர் கண்காணிப்பில்லாத மண்ணில்தான் இப்படிப்பட்ட ஆராய்ச்சி நடக்கும். கோடைக்கால முகாமில் நடக்காது.

விளையாட்டின் பயனைப் பேசுகிறவர்கள் கண்பார்வை, எலும்பு, வைட்டமின் என்று போகிறார்கள். எனக்கு அதைவிட இடம் பற்றிய அறிவு முக்கியமாகப் படுகிறது. ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, பெண்கள் பந்தெறியும் விதத்தைப் பற்றி 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். தோளையும் இடுப்பையும் திருப்பாமல் கையை மட்டும் வீசி எறிவது உடற்கூற்றின் குறையல்ல. தன்னைச் சுற்றியுள்ள வெளி தனக்கானதல்ல என்று பழகிய உடம்பின் வழக்கம் என்பது அவர் வாதம். நான்கு ஆள் நிற்கும் பேருந்து நிறுத்தத்தில் பையைக் கட்டிக்கொண்டு ஓரமாக ஒடுங்கி நிற்கும் என் மாணவிகளைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயதுவரை உள்ள பெண்களில் 85 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 78 விழுக்காட்டினருக்கும் போதிய உடலியக்கம் இல்லை. பையன்களும் இழந்திருக்கிறார்கள். ஆகவே இப்போதுதான் இது 'பிரச்சினை' ஆகியிருக்கிறது என்று ஓர் ஐயம் எனக்கு.

தீர்வு என்று வருபவையும் பழைய கோட்டிலேயே வருகின்றன. பள்ளிகளில் பாரம்பரிய விளையாட்டு விழா நடத்துகிறார்கள். பையன்களுக்கு உறியடி, கபடி. பெண்களுக்குத் தாவணி கட்டிப் பல்லாங்குழி. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் டர்ஃப் திடல்களில் இரவு பத்து மணிக்கு விளக்கொளியில் ஆடுகிறவர்கள் யார் என்று போய்ப் பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. இருந்தாலும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். வாங்காத நாளில் பந்து பையன்களிடம் போகும், பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

பாதுகாப்பு என்பார்கள். பயம் பொய்யில்லை, பெண்ணைப் பெற்ற எனக்கும் அது தெரியும். ஆனால் ஆளில்லாத தெருவைவிடப் பத்துச் சிறுமிகள் கத்திக்கொண்டு ஓடும் தெருவே பத்திரமானது.

நற்றிணையின் 68ஆம் பாடல், பிரான் சாத்தனாருடையது, இதைப் பற்றித்தான் பேசுகிறது. இளையவர்களைத் தோழியரோடு ஓரையாட விடாமல் வீட்டுக்குள் அடைத்து வைப்பது அறமும் அல்ல, அதனால் வீட்டின் செல்வமும் குறையும் என்கிறாள் தோழி. இதை அன்னையிடம் எடுத்துச் சொல்ல யாராவது இருந்தால் புதுப்புனலுக்குப் போய் ஆடலாமே என்கிறாள். தலைவன் வேலியோரம் நிற்கிறான், அவன் காதில் விழவே சொல்கிறாள், ஆகவே இது வரைவுகடாதல் என்று துறை வகுத்து முடித்துவிடுகிறோம். நான் அந்தத் துறையைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவள் சொன்ன வாதத்தை மட்டும் கரும்பலகையில் எழுதினேன்.

"அதை ஏன் மேம் அவளே அம்மாகிட்ட சொல்லல?" என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி பதில் சொன்னாள். "சொல்லிப் பாரு. காலேஜையும் சேத்து நிறுத்திருவாங்க."