திருமந்திரமும் நலவாழ்வுத் தியானமும்: ஒரு வாசிப்புத் திறனாய்வு

முன்னுரை

புலம்பெயர் தமிழர் நடத்தும் யோக வகுப்புகளிலும் நலவாழ்வுக் கருத்தரங்குகளிலும் அடிக்கடி எடுத்தாளப்படும் தமிழ் நூல் திருமந்திரம். உடம்பை வளர்த்து உயிரை வளர்த்ததாகத் திருமூலர் கூறும் பாடல் அழைப்பிதழ்களிலும் பதாகைகளிலும் இடம்பெறுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசம்பரில் பன்னாட்டு யோகா நாளாக அறிவித்த ஜூன் 21-ஆம் நாள் விழாக்களிலும் அப்பாடலைக் கேட்கிறோம். தமிழ் மரபில் தியானத்துக்கு உள்ள தொன்மையை இளைய தலைமுறைக்கு நினைவூட்டுவது நற்பணியே. ஆனால் அந்நூலை உடல்நலக் கையேடாக மட்டும் வாசிக்கும்போது அதிலிருந்து எது விடுபட்டுப் போகிறது? அந்த விடுபாடு, போரையும் இடப்பெயர்வையும் கடந்துவந்த ஒரு சமூகத்துக்கு ஏன் பொருட்படுத்தத்தக்கது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

உடம்பைப் பேணுதலின் காரணம்

மேற்சொன்ன பாடல் மூன்றாம் தந்திரத்தில், சரீர சித்தி உபாயம் என்னும் பகுதியில் அமைந்துள்ளது. அதன் நான்கு அடிகளுள் மேடைகளில் அழுத்தம் பெறுபவை இறுதி இரண்டடிகள். ஆயினும் பாடலின் அச்சாணி இரண்டாம் அடியே. உடம்பு அழிந்தால் மெய்ஞ்ஞானத்தை உறுதிபட அடைய இயலாது என்பதே உடம்பைப் பேணுவதற்கு அவ்வடி தரும் காரணம். அடுத்த பாடலும் இதனையே வேறு வகையில் கூறுகிறது. முன்பு உடம்பை இழிவாக எண்ணியிருந்தவர், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் பேணத் தொடங்குகிறார். எனவே இங்கு உடல்நலம் ஒரு வழி, முடிந்த முடிபன்று.

இதே நூலின் முதல் தந்திரம் யாக்கை நிலையாமையைப் பேசுகிறது. ஒருவர் இறந்ததும் ஊரார் கூடி அழுது, பெயரை நீக்கிப் பிணமென்று பெயரிட்டுச் சுடுகாட்டில் எரித்து, நீராடி, நினைவையும் கைவிடும் காட்சி அங்கே வருகிறது. உடம்பை வளர்க்கச் சொன்னவரும் உடம்பின் முடிவை இவ்வளவு கூர்மையாகக் காட்டியவரும் ஒருவரே. இவை முரண்களல்ல. நிலையாமையை அறிந்தவனே உடம்பின் அருமையையும் அறிவான் என்பது நூலின் வைப்பு முறையால் பெறப்படும் பொருள். ஒன்றை மட்டும் எடுத்து மற்றொன்றை விடும் வாசிப்பு, தியானத்தை முதுமையையும் நோயையும் தள்ளிப்போடும் உத்தியாகச் சுருக்கிவிடுகிறது. தீரா நோயுற்றவருக்கும் முதியவருக்கும் அத்தகைய வாசிப்பில் இடமில்லை.

மூச்சை எண்ணுதலும் மூச்சை நோக்குதலும்

மேலைநாட்டு மருத்துவமனைகளில் இன்று வழங்கும் தியானப் பயிற்சிகள் பலவற்றின் மூலம், ஜான் கபட்-சின் 1979-இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வார மனஅழுத்தத் தணிப்புப் பயிற்சி. பௌத்த மரபில் வேர்கொண்ட அப்பயிற்சியில் மூச்சை மாற்ற முயலாமல், அது வந்து போவதைக் கவனிப்பதே அடிப்படை. திருமந்திரத்தின் பிராணாயாமமோ மூச்சை அளந்து ஆளும் முறை. உள்ளிழுத்தலுக்கு 16, நிறுத்துதலுக்கு 64, வெளிவிடுதலுக்கு 32 என மாத்திரைக் கணக்கு வகுக்கிறது அந்நூல். தியானத்தைப் பற்றிய பகுதியும் மனத்தை வெறுமையாக்கச் சொல்லவில்லை. சத்தியைக் குறித்த தியானம், சிவத்தியானம் என இருவகை கூறி, மனம் பற்றி நிற்கவேண்டிய பொருளைக் காட்டுகிறது.

ஆகவே நவீனப் பயிற்சியின் பயன்களைத் திருமூலர் பெயரில் ஏற்றிக் கூறுவதும், திருமூலரின் கணக்கை நவீன ஆய்வு மெய்ப்பித்துவிட்டதாகக் கூறுவதும் ஆய்வு நெறிக்குப் பொருந்தா. ஒரு முறையைச் சோதித்துக் கண்ட முடிவு வேறொரு முறைக்குச் சான்றாகாது.

பகுத்துண்ணும் யோகி

எண்வகை யோக உறுப்புகளில் தியானம் ஏழாவது. அதற்கு முன்னே நிற்கும் இயமத்தையும் நியமத்தையும் நலவாழ்வு வகுப்புகள் பெரும்பாலும் விரைந்து கடந்து, ஆசனத்திலிருந்தே தொடங்குகின்றன. திருமூலரின் தனித்தன்மை வெளிப்படும் இடம் அந்த இயமமே. பதஞ்சலியின் யோக சூத்திரம் இயமங்களை ஐந்தாக வகுக்கிறது: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பிறர் பொருளை ஏற்காமை. திருமூலர் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை ஆகியவற்றோடு நடுவுநிலைமையையும், கள்ளுண்ணாமையையும், பகுத்துண்ணுதலையும் சேர்க்கிறார். நியமங்கள் பத்தினுள் தவம், செபம் ஆகியவற்றுடன் தானமும் ஒன்றாகிறது.

பகுத்துண்ணுதல் திருக்குறளின் கொல்லாமை அதிகாரத்திலும் உயர்த்திப் பேசப்படும் அறம். அதனை யோகத்தின் முதற்படியிலேயே வைத்ததன் வாயிலாகத் திருமூலர் யோகியை ஊரின் நடுவே நிறுத்துகிறார். முதல் தந்திரத்தில், இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயுறை, உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஓர் இன்சொல் என எவர்க்கும் இயன்ற அறங்களை அவர் அடுக்குவதும் இதனோடு இயைகிறது. ஏழாம் தந்திரம், படமாடும் கோயிலுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலாகிய அடியாரைச் சேராது என்று கூறுவதும் இந்நெறியின் வளர்ச்சியே. கண்மூடித் தனித்திருத்தல் இந்நூலில் பிறரோடு வாழும் ஒழுங்கின்மேல் எழுப்பப்பட்ட மாடம். அடித்தளத்தை நீக்கிவிட்டு மாடத்தை மட்டும் பெயர்த்துச் செல்ல இயலாது.

மருத்துவச் சான்றும் யாழ்ப்பாண அனுபவமும்

தியானத்தின் பயனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அமெரிக்க மருத்துவக் கழகத்தின் உள்மருத்துவ இதழில் 2014-இல் வெளியான தொகுப்பாய்வு, 3,515 பேர் பங்குபற்றிய 47 சோதனைகளை மதிப்பிட்டது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றை இத்தகைய பயிற்சிகள் ஓரளவு தணிப்பதற்கு மிதமான சான்று உண்டு என்றது. மருந்து, உடற்பயிற்சி போன்ற பிற சிகிச்சைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்கு அது சான்று காணவில்லை. துணை என்னும் இடமே சான்று தரும் இடம்.

அந்த இடத்தை உணர்ந்து செயற்பட்ட தமிழ் முன்னுதாரணம் ஒன்று உண்டு. போர்க்கால யாழ்ப்பாணத்தில் பணியாற்றி, 1998-இல் ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்னும் நூலை வெளியிட்ட உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மரபுவழித் தளர்வுப் பயிற்சிகளை உளச்சிகிச்சையோடு இணைத்தார். சைவருக்கு மந்திர உரு, கத்தோலிக்கருக்குச் செபமாலை, இசுலாமியருக்குத் திக்ரு என அவரவர் நாவுக்குப் பழகிய சொற்களே அங்குப் பயிற்சிக்கு அடிப்படையாயின. குடும்பத்தையும் ஊரையும் மீளக் கட்டுவதை அவருடைய எழுத்துகள் தனிமனிதச் சிகிச்சைக்கு இணையாக வலியுறுத்துகின்றன. திருமூலரை மேற்கோள் காட்டும் பல மேடைகளைவிட இவ்வணுகுமுறை திருமூலருக்கு நெருக்கமானது எனலாம்.

உறவினரை இழந்து, குளிர்நாட்டு அடுக்ககத்தில் பகலெல்லாம் தனித்திருக்கும் ஒரு தாயிடம், மன அமைதி உன் கையிலேயே உள்ளது என்று கூறுவதில் ஒரு கடுமை மறைந்துள்ளது. அமைதி வாராதபோது அது அவருடைய முயற்சிக் குறையாகிவிடுகிறது. கண்மூடியதும் பழைய காட்சிகள் எழுந்து வருத்தும் ஒருவருக்குத் தனித்த தியானம் நோயைக் கூட்டவும் கூடும். பகுத்துண்ணுதலை இயமமாகக் கொண்ட நூல் அத்தாயைத் தனியே அமரவைத்து விடாது. முதலில் அவரோடு உண்ண ஒருவரை அனுப்பும்.

முடிவுரை

திருமந்திரத்தின் ஒன்பது தந்திரங்களும் பத்துத் தொகுதிகளாக 2010-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து ஆங்கில விளக்கத்துடன் வெளிவந்துள்ளன. தமிழ் எழுத்தறியாப் புலம்பெயர் இளைஞருக்கும் முழுநூல் எட்டும் நிலையில், ஒரு பாடலோடு நின்றுவிடுவதற்கு நியாயமில்லை. தியானம் கற்பிக்கும் தமிழ் அமைப்புகள் இயம நியமங்களையும் நிலையாமையையும் பாடத்திட்டத்தில் சேர்த்தல் வேண்டும். உளநோய்க்கு மருத்துவரை நாடுவதைத் தடுக்கும் வாக்குறுதிகளைக் கைவிடல் வேண்டும். பயிற்சிக்கு வர இயலாதவரை நாடிச் செல்லுதலும் பயிற்சியின் பகுதி ஆதல் வேண்டும். அப்போதுதான் உடம்பை வளர்க்கும் உபாயம், திருமூலர் கருதியவாறு, உயிரை வளர்க்கும் உபாயமும் ஆகும்.