பிழைச் செய்தியில் ஒரு ஓட்டை

கெலமங்கலத்திலிருந்து ஒரு வாசகர், ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் பார்ப்பவர், கேட்கிறார்: ‘எலக்ட்ரம் வாலட்டில் அனுப்பிய பிட்காயின் இரண்டு நாளாகப் போகவில்லை. அம்பேலா?’

இல்லை சார். பிளாக் சுமார் 10 நிமிஷத்துக்கு ஒன்றுதான். கூட்டம் இருந்தால், கூடுதல் கட்டணம் தருபவருக்குத்தான் முதலில் சீட். கட்டணத்தை உயர்த்தி மறுபடி அனுப்பலாம். சும்மா விட்டாலும் பெரும்பாலான நோடுகள் 14 நாளில் அதை மறந்துவிடும், காசு உங்களிடமே.

எலக்ட்ரம் மேல் என் புகார் வேறு. 2011-ல் தாமஸ் வோக்ட்லின் ஆரம்பித்தது, சின்னது, வேகமானது. ஆனால் பரிமாற்றம் தோற்றால் காரணம் சொல்லும் வேலையை முன்பின் தெரியாத சர்வரிடம் விட்டிருந்தார்கள். அது அனுப்பியதை லிங்க் சகிதம் அப்படியே காட்டியது! 2018 டிசம்பரில் திருடர்கள் சொந்த சர்வர்களை நுழைத்து, ‘புது வெர்ஷன் இறக்கவும்’ என்று பிழைச் செய்தி அனுப்பினார்கள். இறக்கியவர்கள் இழந்தது 200 பிட்காயினுக்கு மேல். சங்கேதக் கணிதத்தில் ஓட்டையே இல்லை. இத்தனைக்கும் ஒரு டயலாக் பெட்டி. அவசரமாக அடுத்த பதிப்பில் அதை வெறும் எழுத்தாக்கினார்கள். பழைய வெர்ஷன்காரர்களுக்கு அதனால் என்ன பயன்? 2020-ல் கூட ஒருவர், பழசைத் திறந்ததில் 1,400 பிட்காயின் போயிற்று என்று புலம்பினார்.

உங்களுடையது எந்த வெர்ஷன்? கடிதத்தில் அதைக் காணோமே.