சாரமும் கவனயீனமும்

தமிழிற் ‘சாரம்’ என்ற சொல் பல பொருள் தருவது. பிழிவு என்பது அவற்றுள் ஒன்று. ஈழத்தில் ஆடவர் அரையில் உடுக்கும் ஆடை மற்றொன்று. கட்டடம் எழுப்புவோர் ஏறிநிற்பதற்கென அமைக்கப்படும் தற்காலிகக் கட்டு மூன்றாவது. முதலிரண்டும் எல்லோருக்கும் பழக்கமானவை. மூன்றாவதோ கட்டடம் நிறைவெய்தியதும் அவிழ்க்கப்படுவதால் நினைவிலிருந்தும் எளிதில் அகன்றுவிடுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக் கல்லை ஏற்றுவதற்காகச் சில மைல் தொலைவிலிருந்தே சாரம் அமைக்கப்பட்டதென்றும், அது தொடங்கிய இடமே சாரப்பள்ளம் என்னும் ஊராயிற்றென்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதையின் வரலாற்று உண்மை ஆய்வுக்குரியது. ஆயினும், 1010இல் நிறைவெய்திய அக்கோயிலின் கல்வெட்டுகள் பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரையும் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும் காத்து வைத்திருக்க, சாரத்தின்மேல் நின்றவர்கள் பெயரற்றோராகவே மறைந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்மறதி பழங்காலத்துக்கு மட்டும் உரியதன்று. கண்டி நகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கைக்கு அப்பால், தும்பறைப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள பல்லேகல இதற்குச் சான்றாகும். ஒருகாலத்திற் கொக்கோத் தோட்டங்களுக்குப் பேர்பெற்றிருந்த இப்பிரதேசம் கடந்த அரை நூற்றாண்டிற் கட்டடங்களின் நிலமாக மாறியுள்ளது. 122 மீற்றர் உயரமுடைய விக்டோரியா அணை, 1985இல், இதற்குச் சற்றுக் கீழே மகாவலியின் குறுக்கே திறந்துவைக்கப்பட்டது. கைத்தொழிற் பேட்டையும் மாகாண நிருவாகக் கட்டடங்களும் எழுந்தன. 2009இல் திறக்கப்பட்ட சர்வதேச கிரிக்கெட் மைதானம் 2011 உலகக் கிண்ணப் போட்டிகள் நடந்த களங்களுள் ஒன்றாயிற்று. மலையகத் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த முத்தையா முரளிதரனின் பெயரை அதற்குச் சூட்ட மாகாண சபை 2010இல் தீர்மானித்தது. அது நியாயமான பெருமையே. ஆனால் தோட்டங்களை விட்டு வெளியேறும் மலையக இளைஞரிற் கணிசமானோர் நாடெங்கணும் கட்டட வேலைத்தலங்களுக்கே செல்கின்றனர் என்பதும், அவர்களின் பெயர் எக்கட்டடத்திலும் பொறிக்கப்படுவதில்லை என்பதும் அப்பெருமையுடன் சேர்த்து எண்ணப்பட வேண்டியவை.

உயரத்திலிருந்து ஒரு தொழிலாளி விழும்போது அவ்வீழ்ச்சியை விளக்கப் பயன்படுத்தப்படும் சொல் பெரும்பாலும் ஒன்றே: ‘கவனயீனம்’. கொந்தராத்துக்காரர் அதைச் சொல்கிறார். பத்திரிகைச் செய்தி அதை வழிமொழிகிறது. சில வேளைகளிற் குடும்பத்தாரும் அதை ஏற்றுக்கொள்கின்றனர். இச்சொல்லைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது அவசியம். ஏனெனில் அது நடந்ததை விளக்குவதுபோலத் தோன்றினும், உண்மையில் விளக்கத்தை நிறுத்திவிடும் சொல்லாகும்.

இயற்பியல் இதனைத் தெளிவாக்கும். 6 மீற்றர் உயரத்திலிருந்து விழும் மனிதன் ஏறத்தாழ 1.1 செக்கனில் நிலத்தை அடைகிறான். அப்போது அவனது வேகம் மணிக்குச் சுமார் 39 கிலோமீற்றர். அந்த ஒரு செக்கனிற் கவனம் செய்யக்கூடியது எதுவுமில்லை. நாள் முழுவதும் சீமெந்துச் சட்டியைத் தூக்கும் ஒருவன் ஒரு கணமேனும் கவனம் பிசகாதிருக்க வேண்டும் என்பது மனித இயல்புக்கு ஒவ்வாத எதிர்பார்ப்பு. கவனம் பிசகும் கணத்திலும் அவனைத் தாங்குவதற்காகவே தடுப்புக் கம்பி இருக்கிறது. எனவே கேட்கப்பட வேண்டியது, அவன் ஏன் தவறினான் என்பதன்று. தவறியவன் விழக்கூடியதாக அவ்விடம் ஏன் விடப்பட்டிருந்தது என்பதே.

சாரத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு தீர்மானத்தின் விளைவு. கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வீதிப்பக்கம் இரண்டு மாடியாகத் தோன்றும் வீடு பள்ளத்துப்பக்கம் நான்கு மாடியாக நிற்பது வழக்கம். அப்பக்கத்துச் சாரமே மிக உயரமானது. அதன் கால்களே மிக இளகிய மண்ணில் நிற்பவை. கால்களின் கீழ் அகன்ற அடிப்பலகை இடப்படாவிடின், ஒரு நாள் மழையில் ஒரு கால் புதையும். மற்றைய கால்களின் சுமை மாறும். கமுகு மரங்களைக் கயிற்றாற் பிணைத்துக் கட்டும் பழைய முறையில், நனைந்து உலரும் கயிறு தளர்வதால் முடிச்சுகளை மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டும். இரும்புக் குழாய்களாலான சாரமும் குறுக்குக் கட்டுகளும் சுவருடன் இணைக்கும் பிணைப்புகளும் இன்றி உறுதியாக நிற்பதில்லை. மேற்றளத்திற் பலகைகள் இடைவெளியின்றிப் பரவியிருத்தல், இடுப்பளவிலும் அதன் கீழுமாகத் தடுப்புக் கம்பிகள், பொருள்கள் உருண்டு விழாமற் காக்கும் கால்தடுப்புப் பலகை, ஏறுவதற்கெனத் தனி ஏணி என்பன அடிப்படைத் தேவைகள். அடிப்பலகையை வாங்குவதா என்பதையும், பூச்சு வேலைக்காகப் பிணைப்பைக் கழற்றிய பின் மாற்றுப் பிணைப்பு இடுவதா என்பதையும் தீர்மானிப்பவர் மேலே நிற்பவரல்லர். கவனயீனம் என்ற சொல் இத்தீர்மானங்கள் அனைத்தையும் மறைத்து, கடைசியாக அங்கு நின்றவனின் பாதத்தை மட்டும் காட்டுகின்றது.

இது சிறு கொந்தராத்துகளின் குறைபாடு மட்டுமே எனக் கருதுதலும் பிழையாகும். அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவிலுள்ள வில்லோ ஐலண்டில், 1978 ஏப்ரில் 27ஆந் திகதி, மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரமொன்றின் உச்சியிலிருந்த சாரம் சரிந்து 51 தொழிலாளர் மாண்டனர். அச்சாரம் நிலத்தில் ஊன்றப்பட்டதன்று. கட்டப்பட்டுக்கொண்டிருந்த கோபுரத்தின் சுவரிலேயே பொருத்தப்பட்டிருந்தது. முந்திய நாள் ஊற்றப்பட்ட கொங்கிரீட் போதிய வலுப்பெறுமுன் அதன்மீது சுமை ஏற்றப்பட்டதே விசாரணையில் தெரியவந்த காரணம். 38 ஆண்டுகளின் பின், 2016 நவம்பர் 24ஆந் திகதி, சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் இதேபோன்ற கோபுரமொன்றின் பணிமேடை வீழ்ந்து 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கும் கொங்கிரீட் வலுப்பெறுமுன் அச்சுப்பலகைகள் அகற்றப்பட்டிருந்தன. மேலே நின்றவர்கள் எவ்வளவு கவனமாக இருந்திருப்பினும் பிழைத்திருக்க மாட்டார்கள். அவர்களை வீழ்த்தியது வேலையின் கால அட்டவணை.

சட்டத்தின் பார்வை இவ்விடத்துப் பொதுவழக்கைக் காட்டிலும் நுட்பமானது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையினாலும் வேலையின்போதும் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு வழங்குவது. மதுபோதை, வேண்டுமென்றே விதியை மீறல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றல் ஆகியவற்றையே, அதுவும் மரணம் நேராத வேளைகளில், அது விலக்காகக் கொண்டது. வெறும் கவனயீனம் அவ்விலக்குகளுள் இல்லை. தொழிலாளியின் கவனம் பிசகக்கூடும் என்பதைக் குடியேற்ற ஆட்சிக் காலத்துச் சட்டமே உணர்ந்திருந்தது எனலாம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் கட்டட வேலைகளைத் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. தகுதிவாய்ந்த ஒருவர் சாரத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பதைச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 1988ஆம் ஆண்டு 167ஆவது சமவாயம் வலியுறுத்தியது. ஆனால் தலைமைக் கொந்தராத்துக்காரர், துணைக் கொந்தராத்துக்காரர், பாஸ், நாட்கூலி என இறங்கிச் செல்லும் சங்கிலியில், பரிசோதிக்க வேண்டியவர் யார் என்பதே தெளிவற்றுப் போகின்றது. விலை குறைந்த கேள்விப்பத்திரத்துக்கே வேலை வழங்கப்படும் வழக்கில், சாரத்துக்கான செலவு தனியே குறிக்கப்படாதபோது, முதலிற் சுருங்குவதும் அச்செலவே.

இதற்கு மறுப்பு ஒன்று எழுதல் இயல்பு. பாதுகாப்புப் பட்டி கொடுத்தாலும் தொழிலாளர் அணிவதில்லை, தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிடுகின்றனர் என்பதே அது. இது பொய்யன்று. ஆனால் பட்டியின் பயனும் ஆராயப்பட வேண்டும். 1.8 மீற்றர் கயிறு, வீழ்ச்சியின் அதிர்ச்சியைத் தாங்கி விரியும் பகுதி, தொங்குபவரின் உடல் நீளம் ஆகியவற்றைக் கூட்டினால், காலடியின் கீழ் 5 மீற்றருக்கு மேற்பட்ட வெற்றிடம் இருந்தாலன்றி அவர் நிலத்தில் மோதாமல் தப்ப முடியாது. 4 மீற்றர் உயரத்தில், காலடியிலுள்ள கம்பியிற் கொளுவப்பட்ட அத்தகைய பட்டி பெயரளவிலான காவலே. கொளுவுவதற்கு உறுதியான இடமில்லாதபோது அது வெறும் சுமை. விசையால் உயரும் நவீனப் பணிமேடைகளும் சமதளமான உறுதி நிலத்தையே வேண்டுவன. மலைச்சரிவில் அவற்றைக் கொண்டுவந்து நிறுத்துவதால் மட்டும் ஆபத்து நீங்காது. சதுர அடிக் கணக்கிற் கூலி பெறுபவன் பட்டியைக் கழற்றும்போது, அவனது அலட்சியத்துடன் அவன் கூலியின் கணக்கும் அங்கு தொழிற்படுகின்றது.

இவ்விடயத்தில் தமிழ் கற்றோருக்கும் பொறுப்புண்டு. அரசகரும மொழித் திணைக்களம் முன்னாளிற் கலைச்சொற்றொகுதிகள் பலவற்றை வெளியிட்டது. அவற்றின் பயன் பெரும்பாலும் பாடநூல்களுடன் நின்றுவிட்டது. வேலைத்தலத்தின் மொழியோ வேறு. அது மேசன்மார் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து ஆக்கிக்கொண்டது. ஒரு மேடை எத்தனை கிலோகிராம் தாங்கும் என்பதை அதில் ஏறுபவன் தன் மொழியில் வாசிக்க முடியாவிடின், அவ்வெச்சரிக்கை அவனுக்காக எழுதப்பட்டதன்று. எழுதியவரைக் காப்பதற்கு எழுதப்பட்டது. தூய கலைச்சொற்களை மேலிருந்து வழங்குவதைவிட, தொழிலாளர் வழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றுடன் பொறியியற் பொருளைத் துல்லியமாக இணைப்பதே பயன் தரும்.

அத்தொகுப்பில் ‘கவனயீனம்’ என்ற சொல்லுக்கும் மறுவரையறை வேண்டும். அடிப்பலகை இல்லாத காலும், கழற்றியபின் இடப்படாத பிணைப்பும், மழைக்குப் பின் சோதிக்கப்படாத முடிச்சும் கவனயீனத்தின் வடிவங்களே. இவற்றுக்கு உரியவர் யார் எனக் கேட்கும் விசாரணையே முழுமையான விசாரணையாகும். விழுந்தவனிடமிருந்து மட்டும் தொடங்கி அவனிடமே முடிவது விசாரணையாகாது.