ஃபோர் வீல் மட்டும் போதுமா?

பெரியகுளத்திலிருந்து சோத்துப்பாறை வழியாக அகமலைக்கு ஏறும் ஜீப்புகளும், போடி, கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளும் இந்தப் பக்கத்தில் அன்றாடக் காட்சி. அதனால் புது வண்டி வாங்குகிறவர் முதலில் விசாரிப்பது ‘ஃபோர் வீல் இருக்கா?’ என்றுதான், அதாவது நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகுமா என்று. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி இரண்டிலும் அது கிடைக்கிறது. தோட்டத்துப் பாதையில் இவற்றைப் பிரித்துக்காட்டுவது வேறொன்று: ஒரு சக்கரம் வழுக்கும்போது டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது என்பது.

கொண்டை ஊசி வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். அதற்கு இடம் கொடுக்கத்தான் அச்சின் நடுவே டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியலில் இரு சக்கரங்களின் வேகம் மாறலாம், முறுக்குவிசை மாறாது. இருபக்கமும் சமமாகவே போகும். வழுக்கும் சக்கரம் விசையை எல்லாம் பிடுங்கிக்கொள்கிறது என்று பலர் நம்புவது சரியல்ல. சேற்றில் நிற்கும் சக்கரம் 50 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காது என்றால், பாறையில் அழுந்தி நிற்கும் மறு சக்கரத்துக்கும் ஏறக்குறைய அதே 50தான் கிடைக்கும். தார் டீசல் எஞ்சினின் 300 அங்கே உதவாது. ஃபோர் வீல் போட்டால், எஞ்சின் விசையை இரு அச்சுகளுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன், பின் அச்சுகளைப் பூட்டி ஒரே வேகத்தில் சுற்றவைக்கும். ஆனால் ஒவ்வொரு அச்சுக்குள்ளும் அதே பலவீனம் இருக்கிறது. மழை அரித்த பாதையில் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்தில் நின்றால், அவை இரண்டும் வீணாகச் சுற்ற, வண்டி நகராது.

ஜிம்னி இதைப் பிரேக் மூலம் சமாளிக்கிறது. சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்க, அந்தப் பக்கம் எதிர்ப்பு கூடி, மறுபக்கத்துக்கும் அதே அளவு விசை போகிறது. மேலே சொன்ன கணக்கில் பிரேக் 400 சேர்த்தால் நல்ல சக்கரத்துக்கு 450 கிடைக்கும். அதற்கு அச்சுக்கு 900 வர வேண்டும். இந்தப் பங்கீட்டில் சுழலும் சக்கரத்துக்குப் போவது பெரும்பாலும் பிரேக்கில் சூடாகிவிடும். ஒரு குழியைத் தாண்ட இது தாராளம். நீண்ட சேற்று ஏற்றத்தில் பிரேக் சூடேறிக்கொண்டே போகும். 2020-இல் வந்த தாரின் சில வகைகளில் பின் அச்சுக்கு மெக்கானிக்கல் லாக்கர் உண்டு. ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று கூடுதலாகச் சுழன்றதும் அது தானே பூட்டிக்கொண்டு, இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும். அதன்பின் பிடிப்புள்ள சக்கரம் தாங்கும் அளவுக்கு விசை நேரே போகிறது. இந்த மலைப்பாதைகளுக்கு இதுவே மேல் என்பது என் தீர்ப்பு.

லாக்கர் இல்லாத பழைய ஜீப்புகள் ஏறவில்லையா என்று கேட்கலாம். ஏறின, இன்றும் ஏறுகின்றன. லோ கியரின் பலம், உள்ளே நிறைய ஆட்கள் ஏறுவதால் சக்கரத்தில் விழும் பாரம், எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று அறிந்த ஓட்டுநரின் கை ஆகியவை அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. அந்தக் கை வண்டியோடு விற்பனைக்கு வருவதில்லை. ஜிம்னி தாரைவிடப் பல நூறு கிலோ இலேசு, சேற்றில் குறைவாகவே புதையும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. குறுகிய பாதையில் திருப்பவும் அது எளிது. ஆனால் அந்தரத்தில் நிற்கும் சக்கரத்துக்கு இலேசான உடல் பிடிப்பைத் தராது.

அடுக்கம் வழியாகக் கொடைக்கானல் போக மட்டும் வண்டி வேண்டுமென்றால் இத்தனையும் தேவையில்லை. காய்ந்த தார்ச்சாலை வளைவில் இந்த இரு வண்டிகளிலும் ஃபோர் வீலைப் போடவே கூடாது. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கி கியர்களைத் தேய்க்கும். அங்கே நல்ல டயருக்குச் செலவழிக்கலாம். தோட்டத்துக்கு வாங்குகிறவர், தாரின் எல்லா வகையிலும் லாக்கர் வராது என்பதால், முன்பணம் கட்டும் முன் பின் அச்சில் அது இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.