ஹார்ட்பிளீட்: திறந்திருந்தும் படிக்கப்படாத நிரல்

ஹார்ட்பிளீட் என்பது ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க மென்பொருள் நூலகத்தில் இருந்து, 2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரியவந்த பாதுகாப்புக் குறைபாடு ஆகும். இணைய வழங்கிக்கும் பயனரின் கணினிக்கும் இடையே செல்லும் கடவுச்சொல், அட்டை எண் போன்றவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி மறைப்பதே இந்நூலகத்தின் பணி. மறைக்க வேண்டிய நூலகமே அவற்றைக் கசியவிட்டது.

குறைபாடு மிக எளியது. இணைப்பு நீடிக்கிறதா என அறிய, ஒரு கணினி சிறு செய்தியையும் அதன் நீளத்தையும் அனுப்பும். மறுமுனை அச்செய்தியை அப்படியே திருப்பி அனுப்பும். 'இதயத்துடிப்பு' எனப்படும் இவ்வசதி, 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்பில் இடம்பெற்றது. சொல்லப்பட்ட நீளமும் செய்தியின் உண்மையான நீளமும் ஒன்றா என நிரல் சரிபார்க்கவில்லை. ஓர் எழுத்தை அனுப்பி, அதன் நீளம் ஏறத்தாழ 64 கிலோபைட்டு என்று சொன்னால், வழங்கி தன் நினைவகத்தில் அடுத்திருந்தவற்றையும் சேர்த்து அனுப்பிவிடும். அவற்றில் கடவுச்சொற்களோ வழங்கியின் இரகசியத் திறவுகோலோகூட இருக்கலாம். கனடாவின் வருவாய்த் துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இவ்வழியே திருடப்பட்டன.

இதை ஒரு நிரலாளரின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட முடியாது. பார்க்கும் கண்கள் பெருகினால் வழுக்கள் மறைந்திருக்க முடியாது என்பது திறமூல மென்பொருளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம். ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலை எவரும் படிக்கலாம். ஆயினும் வழு ஈராண்டுகள் அங்கேயே இருந்தது. பெருநிறுவனங்கள் நம்பியிருந்த அந்நூலகத்தைப் பேணியவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். அவர்களுக்குக் கிடைத்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். இறுதியில் வழுவைத் தனித்தனியே கண்டறிந்த கூகுளின் பாதுகாப்புப் பொறியாளரும், பின்லாந்தின் கோடெனோமிகான் நிறுவனத்தாரும் சோதனையையே தொழிலாகக் கொண்டவர்கள்.

படித்தால் மட்டும் போதுமா என்ற கேள்வியும் உண்டு. 2006இல் டெபியன் இயங்குதளத்தில், ஒரு சோதனைக் கருவியின் எச்சரிக்கையைத் தவிர்க்க இதே நூலகத்தின் சில வரிகள் நீக்கப்பட்டன. தற்போக்கு எண்களை உருவாக்க அவை இன்றியமையாதவை. விளைவாக, ஒரே வகைக் கணினியில் ஒரே அளவில் உருவாகக்கூடிய வெவ்வேறு திறவுகோல்கள் 32,768ஐத் தாண்டவில்லை. 2008 மே மாதம்வரை எவரும் இதை வெளிப்படுத்தவில்லை. இங்கே நிரலைப் பார்த்த கண்கள் இருந்தன; அவ்வரிகளின் பணியைப் புரிந்துகொள்ளவில்லை.

ஹார்ட்பிளீட்டுக்குப் பிறகு லினக்ஸ் அறக்கட்டளை பெருநிறுவனங்களிடம் நிதி திரட்டி, ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற திட்டங்களுக்கு உதவியது. ஓப்பன்பிஎஸ்டி குழு லிப்ரெஎஸ்எஸ்எல்லையும், கூகுள் போரிங்எஸ்எஸ்எல்லையும் தனிக் கிளைகளாகத் தொடங்கின. இவை பயனுள்ளவையே, ஆனால் கசிவு வெளியான பின்னரே வந்தவை. இலவசமாகக் கிடைக்கும் நூலகத்தைப் பயன்படுத்துவோர், அதைப் புரிந்து படிப்பவர்களுக்கான செலவையும் ஏற்காதவரை, நிரல் திறந்திருப்பதை மட்டுமே பாதுகாப்பாகக் கொள்ள இயலாது.